வானலை யாருடைய உடைமை?

ஒரு பொருள் எவருக்கு உரியது என்னும் வினா, மனிதன் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். நிலத்திற்கு எல்லைக்கல் நட்டார்கள். நீருக்கு மதகு வைத்தார்கள். காட்டிற்குக் காவல் போட்டார்கள். ஆனால் கண்ணுக்குப் புலப்படாததும், கையாற் பற்ற முடியாததும், ஊரையும் நாட்டையும் கடந்து செல்வதுமாகிய ஒன்றனுக்கு உடையவர் யார்? வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் ஏறிச் செல்கின்ற மின்காந்த அலையைப் பற்றியே நாம் இங்குப் பேசுகின்றோம்.

இவ்வினாவுக்கு இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் ஒரு விடை தந்தது. வானலை பொதுமக்களின் உடைமை என்பதே அவ்விடை. அது வருவதற்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன. வந்தபின் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அச்சொல்லின் முழுப் பொருள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்த நெடிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். ஏரிகளால் வாழ்ந்த காஞ்சிபுரத்து மண்ணில் இருப்போர்க்கு, பொது உடைமையை முறைப்படுத்துவது என்னும் பொருள் ஒன்றும் புதியதன்று.

அலையின் இயல்பு

தறியில் பாவு பூட்டுவதைக் கண்டிருப்போர்க்கு அலையின் இயல்பை விளக்குதல் எளிது. ஆயிரக்கணக்கான பட்டிழைகள் நெருங்கி நின்றாலும் ஒவ்வோர் இழையும் பண்ணையின் பற்களுக்கிடையே தனக்கென உள்ள வழியிலேயே செல்லுகின்றது. ஓரிழை அடுத்த இழையின் வழியிற் புகுந்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும், துணி பழுதாகும். வானலையிலும் அவ்வாறே. சென்னை வானொலியின் முதல் அலைவரிசைக்கு 720 கிலோ ஹெர்ட்ஸ் என்றும், திருச்சிராப்பள்ளிக்கு 936 என்றும் இடம் குறிக்கப்பட்டது இதனாலேயே. நம் பகுதியில் மத்திய அலையில் ஓர் இடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி விடப்படுகிறது. பண்பலைக்கு 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அருகருகே உள்ள இரு நிலையங்கள் ஒரே இடத்தில் ஒலிபரப்பினால், கேட்போர் செவியில் இரண்டும் விழாது. இரைச்சல் ஒன்றே விழும்.

எனவே இது அளவுக்கு உட்பட்ட செல்வம். கேட்பவர் எல்லோருக்கும் பங்கிட்டுத் தர இயலாது. யாரேனும் ஒருவர் வரிசைப்படுத்தியே ஆகவேண்டும்.

நீரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் விளங்கும். ஏரி நீர் பாய்ச்சப் பாய்ச்சக் குறையும். அலையோ எத்துணை பயன்படுத்தினாலும் குறைவதில்லை. இன்று பயன்பட்டது நாளையும் முழுமையாக இருக்கும். ஆனால் இன்று ஏரியில் தேக்கிய நீரை நாளைக்குப் பாய்ச்சலாம். இன்று வீணாய்க் கிடந்த அலையின் நேரத்தை நாளைக்கு எடுத்துவைக்க இயலாது. ஆகவே இச்செல்வத்திற்கு இரண்டு தீங்குகள் நேரக்கூடும். பலர் ஒரே இடத்தில் நெருக்கிச் சிதைப்பது ஒன்று. எவரோ வளைத்துப்போட்டுப் பயன்படுத்தாமல் முடக்குவது மற்றொன்று. அலையைப் பற்றிய சட்டங்கள் எல்லாம் முதல் தீங்கை அஞ்சியே பிறந்தன. இரண்டாம் தீங்கைப் பற்றிய அறிவு பின்னரே வந்தது.

கடலில் பிறந்த சட்டம்

கம்பியில்லாத் தந்தி முதலிற் பயன்பட்டது கப்பல்களிலேதான். 1906-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இடருற்ற கப்பல் எவ்வாறு அழைக்கவேண்டும், மற்றவர் எப்போது வாய்மூடி இருக்கவேண்டும் என்பன அதில் வரையறுக்கப்பட்டன. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அலைவெளியில் பல குரல்கள் ஒன்றோடொன்று கலந்து, பிழையான செய்திகள் பரவின. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, உரிமம் இன்றி எவரும் அலையைப் பயன்படுத்தலாகாது என்று சட்டம் செய்தது.

அச்சட்டம் போதவில்லை. உரிமம் பெற்ற நிலையங்களை அலைவரிசையில் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு அதில் இல்லை என்று 1926-இல் நீதிமன்றம் கூறிற்று. உடனே நிலையங்கள் தத்தம் விருப்பம்போல் அலைவரிசையை மாற்றிக்கொண்டன. வானம் சந்தைக் கூச்சலாயிற்று. 1927-இல் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றியது. உரிமம் பெறுவோர்க்கு அலையின் மீது உடைமை இல்லை. குறிப்பிட்ட காலத்திற்குப் பயன்படுத்தும் வாய்ப்பே உண்டு. அதுவும் பொதுநலனுக்கு ஏற்ப அமையவேண்டும் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் வாஷிங்டனில் கூடிய உலக மாநாடு, எந்த அலைப் பகுதி எந்தப் பணிக்கு என்னும் பட்டியலை வகுத்தது. அப்பணியை இன்று ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செய்து வருகிறது.

சென்னை கண்ட மூன்று நிலைகள்

நம் நாட்டிற்கு வருவோம். ஆங்கில அரசு 1885-இல் இயற்றிய இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசாங்கத்திற்கே அளித்தது. அன்று வானொலி என்னும் சொல்லே இல்லை. ஆயினும் கம்பித் தந்திக்காக எழுதிய அந்தச் சட்டத்தின் நிழலிலேயே கம்பியில்லாத் தந்தியும், வானொலியும், தொலைக்காட்சியும், கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன. வானலை அரசின் உடைமை என்று எவரும் வாதாடி வென்றதில்லை. பழைய சட்டம் ஒன்று இருந்தது, புதிய பொருள் அதனுள் அடங்கிற்று, அவ்வளவே.

எனினும் தென்னிந்தியாவின் முதல் ஒலிபரப்பு அரசாங்கத்தால் நிகழ்ந்ததன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பாரின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. மாலை நேரங்களில் இசையும் உரைகளும் ஒலித்தன. ஆர்வலர்கள் தாமே கூடி, சந்தா தந்து நடத்திய அமைப்பு அது. ஆனால் பணமுடை அதனை வாட்டியது. 1927-இல் கிளப்பின் ஒலிபரப்பு நின்றது.

கிளப்பினர் தம் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது. இது நம் நினைவில் நிற்கவேண்டிய செய்தி. அந்நாளில் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். அதற்கு ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் வேறு. மாநகராட்சி என் செய்தது? கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. பெட்டி வாங்க வகையற்றோரும் மணலில் அமர்ந்து இசை கேட்டனர். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென நிகழ்ச்சிகள் ஒலித்தன. அலை பொதுவுடைமை என்று எந்த நீதிமன்றமும் சொல்லுமுன்னரே, அதனைப் பொதுவில் வைத்துக் காட்டிய நகரம் சென்னை எனலாம்.

இதற்கிடையே 1927 ஜூலையில் பம்பாயில் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் மூன்றாண்டு நிறைவதற்குள் நொடித்துப்போயிற்று. 1930-இல் அரசே அதனை ஏற்றது. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்த நாள்களை நம்முள் மூத்தோர் அறிவர். அம்முறை 1980-களில் நீக்கப்பட்டது. 1936-இல் அரசின் வானொலி ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயர் பெற்றது. 1938 ஜூன் 16-இல் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் தொடங்கின. மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது.

இவ்வாறு பதினான்கே ஆண்டுகளில் சென்னையின் வானலை மூன்று கைகள் மாறியது. உறுப்பினர் கூடி நடத்தினர், நகரம் நடத்தியது, பின்பு அரசாங்கம் நடத்தியது. மூன்றாம் கையிலேயே அது அறுபது ஆண்டுகள் தங்கிற்று.

ஒரே கையில் இருந்த காலம்

அரசு வானொலி ஆற்றிய தொண்டை நாம் குறைத்துரைக்க விரும்பவில்லை. உழவர்க்கு வேளாண் செய்தியும், மாணவர்க்குப் பாடமும், கடலோரத்தார்க்குப் புயல் எச்சரிக்கையும் தந்தது அதுவே. இசைவாணர் பலரை ஆதரித்ததும் அதுவே. இலாபம் கருதும் எவரும் அப்பணிகளை அன்று செய்திருக்க மாட்டார். ஆனால் அலை முழுவதும் ஒரே கையில் இருந்தமையால், அந்தக் கையின் விருப்பு வெறுப்புகளே நாட்டின் செவிக்கு எல்லையாயின. ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று 1940-இல் ஒதுக்கப்பட்டது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. 1952-இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஒடுக்கினார். மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அதற்கு ஈடு கொடுக்கவே 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது.

இலங்கை வானொலியைக் குறிப்பிட்டபின் அதன் முஸ்லிம் சேவையை நாம் மறத்தலாகாது. அதன் தமிழ் நிகழ்ச்சிகளைத் தமிழக முஸ்லிம் இல்லங்கள், சிறப்பாகக் கடற்கரை ஊர்களில், ஆவலோடு கேட்டன. பாக் நீரிணையில் கப்பலுக்குச் சுங்கம் உண்டு, அலைக்கு இல்லை. அறபு மொழியில் ஒலிபரப்பை ‘இதாஆ’ என்பர். பரவச் செய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழிலும் பரப்புதல் என்றே சொல்கின்றோம். பரவுவதே இயல்பாகக் கொண்ட ஒன்றை ஒருவர் பற்றிவைத்தல் எளிதன்று என்பதை இரு மொழிகளும் உணர்ந்தே பெயரிட்டன போலும்!

1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிநிலைக் காலத்தில், அரசு வானொலி ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்தது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பி. ஜி. வர்கீஸ் குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் தன்னாட்சி பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்பிடம் ஒப்படைக்கவேண்டும் என்று 1978-இல் பரிந்துரைத்தது. பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியது. ஏழாண்டுகள் ஏட்டிலேயே இருந்தது.

ஒரு கிரிக்கெட் வழக்கு

இந்நிலையில் பெரிய நீதி ஒன்று சிறிய காரணத்தால் வந்தது. 1993 நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் பன்னாட்டுப் போட்டி ஒன்றை நடத்தியது. படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமையை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றனுக்கு அது வழங்கியது. தூர்தர்ஷன் மறுத்தது. 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டிலிருந்து ஒளிபரப்பும் தனியுரிமை அரசுக்கே என்பது அதன் வாதம். நிறுவனம் கொணர்ந்த கருவிகளைச் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது.

நீதியரசர்கள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவர் விசாரித்தனர். இவர்களுள் எஸ். மோகன் நம் தமிழகத்தவர். சாவந்தும் மோகனும் ஒன்றாகவும், ஜீவன் ரெட்டி தனியாகவும் தீர்ப்புரைத்தனர். வழி இரண்டாயினும் முடிவு ஒன்றே. வானலை பொதுச் சொத்து. மக்களின் நலன் கருதி ஒரு பொது அமைப்பு அதனை முறைப்படுத்தவேண்டும். செய்தி சொல்வதும் பெறுவதும் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமையின் பகுதி. ஆகவே அலையை அரசு ஏகபோகமாக வைத்திருத்தலும் ஆகாது, தனியார் ஏகபோகமாக வளைத்தலும் ஆகாது. 1885-ஆம் ஆண்டுச் சட்டம் இக்காலத்திற்குப் பொருந்தாது. சமுதாயத்தின் எல்லாப் பிரிவினரும் இடம்பெறும் தன்னாட்சி அமைப்பு ஒன்றை மத்திய அரசு உடனே ஏற்படுத்தவேண்டும். இவையே தீர்ப்பின் சாரம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பொதுச் சொத்து என்றதும் அரசுச் சொத்து என்று பொருள்கொள்வது நம் வழக்கம். நீதிமன்றம் அவ்விரண்டையும் பிரித்தது. உடையவர் மக்கள், அரசு காவலர் மட்டுமே. காவலரின் கையிலிருந்தும் அலையைக் காக்கும் அமைப்பு வேண்டும் என்பதே தீர்ப்பின் உயிர்நாடி.

இத்தீர்ப்பின் ஒலி கடல் கடந்தும் கேட்டது. 1997-இல் இலங்கை அரசு ஒலிபரப்பு அதிகார சபை மசோதா ஒன்றைக் கொணர்ந்தபோது, அச்சபை அரசின் பிடியிலிருந்து விடுபட்டதாக இல்லை என்பதால் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது.

பழைய நீதி இரண்டு

உடைமை மக்களுக்கு, பொறுப்பு ஆட்சிக்கு என்னும் இக்கருத்து புதியதன்று. காற்றும் ஓடும் நீரும் கடலும் கரையும் யாவர்க்கும் பொது என்பது ரோமானியரின் சட்டம். அக்கருத்தின் வழியில் வளர்ந்ததே இன்றைய நீதிமன்றங்கள் எடுத்தாளும் ‘பொது நம்பிக்கை’க் கோட்பாடு. நாம் அதனை ‘அமானிதம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம்.

இஸ்லாமியச் சட்ட நூல்களில் இதற்குரிய செய்தி ஒன்றுண்டு. யமன் நாட்டிலிருந்து வந்த அப்யழ் பின் ஹம்மால் (ரலி) என்பார், மஃரிப் என்னுமிடத்து உப்பைத் தமக்கு வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார். அவர்களும் வழங்கினார்கள். அவையிலிருந்த ஒருவர், அது உழைத்துத் தோண்டி எடுக்கும் சுரங்கமன்று, வற்றாத நீரைப்போல் எவரும் சென்று அள்ளக்கூடியது என்று விளக்கினார். உடனே அவ்வழங்கல் திரும்பப் பெறப்பட்டது. இந்நிகழ்ச்சியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளிற் காணலாம். ஹிஜ்ரி 450 (கி.பி. 1058)-இல் மறைந்த இமாம் மாவர்தீ, இதனை அடியாகக் கொண்டு, வெளிப்படையாகக் கிடைக்கும் உப்பு, கீல் போன்றவற்றை ஆட்சியாளர் எவர்க்கும் தனியுடைமையாக வழங்கலாகாது என்று வகுத்தார்.

பயன்படுத்தாமல் வளைத்து வைப்பதற்கும் அந்நூல்களில் விடையுண்டு. பிலால் பின் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு அகீக் பள்ளத்தாக்கில் பெருநிலம் வழங்கப்பட்டிருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவரால் உழுது பயிரிட இயன்ற அளவை அவரிடம் விட்டு, எஞ்சியதை மீட்டு மக்களுக்குப் பகிர்ந்தார்கள். தரிசு நிலத்தை எல்லைக்கல் நட்டு வளைத்தவர் மூன்றாண்டுகள் பயிரிடாது விட்டால் அவருரிமை கழியும் என்பதும் அவர்கள் வகுத்த விதியே.

நம் வட்டாரத்துச் சான்று இன்னும் அண்மையில் உள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோ மீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன. உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவி 360 நாள்கள் மட்டுமே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயரிடப்படும் தகுதியை இழந்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடையோரே அவ்வாரியங்களில் இருக்க முடிந்தது. எல்லோருக்கும் அங்கு இடம் இருக்கவில்லை. ஆயினும் பொது உடைமையைக் காப்பவர்க்குப் பதவிக்காலமும் கணக்கும் வேண்டும் என்னும் அறிவு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நூற்று இருபத்திரண்டு உரிமங்கள்

கைபேசி வந்தபின் அலையின் மதிப்பு முன் எவரும் எண்ணாத அளவுக்கு உயர்ந்தது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் கைபேசிகளை உருவாக்கிற்று. இன்று நெசவாளர் வீட்டிலும் சேலையின் படம் கைபேசி வழியே வெளியூர் வணிகர்க்குச் செல்கிறது. ஒவ்வொரு பேச்சும் ஒவ்வொரு படமும் பொதுமக்களின் அலைமீதே பயணம் செய்கின்றன. அந்த அலையை யாருக்கு, எம்முறையில், என்ன விலைக்கு விடுவது என்பது பெரும்பொருள் சார்ந்த வினாவாயிற்று.

2008 ஜனவரி 10-இல் தொலைத்தொடர்புத் துறை 122 உரிமங்களை வழங்கியது. அவற்றோடு இரண்டாம் தலைமுறை அலைக்கற்றையும் சேர்ந்தே கிடைத்தது. முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது முறையாகக் கூறப்பட்டது. விலையோ 2001-இல் நிலவியது. நாடு முழுவதற்கும் 1,658 கோடி ரூபாய். விண்ணப்பம் ஏற்கும் இறுதிநாளும் பின்னோக்கி மாற்றப்பட்டது. உரிமம் பெற்ற சிலர் தம் பங்குகளைச் சில திங்களிலேயே பெருந்தொகைக்குக் கைமாற்றினர். 2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய்க்குச் சென்றது. அதனை அடுத்து வந்த தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2008-இல் அரசுக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பைப் பலவாறு கணித்தது. அவற்றுள் மிகப் பெரிய கணிப்பு 1,76,000 கோடி ரூபாயை எட்டியது. அக்கணக்கு ஊகமானது என்று மறுத்தோரும் உளர். அவ்வாண்டு நவம்பரில் துறை அமைச்சர் ஆ. இராசா பதவி விலகினார்.

2012 பிப்ரவரி 2-இல் நீதியரசர்கள் ஜி. எஸ். சிங்வி, ஏ. கே. கங்குலி ஆகியோர் 122 உரிமங்களையும் ஒருங்கே நீக்கினர். இயற்கைச் செல்வங்கள் மக்களுடையவை, அரசு அவற்றின் பொறுப்பாளரே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. குற்றவியல் வழக்கோ வேறு பாதையில் சென்றது. 2017 டிசம்பர் 21-இல் தனி நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று இராசா உள்ளிட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அதன்மீதான மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. இவ்விரு தீர்ப்புகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது. ஒன்று, வழங்கிய முறை செல்லுமா என்பதைப் பற்றியது. மற்றொன்று, மனிதர்மேல் சாட்டிய குற்றத்தைப் பற்றியது. மஃரிப் உப்பின் செய்தியிலும் கேட்டவர்மேல் குற்றமேதும் சுமத்தப்படவில்லை. பொதுவில் இருக்கவேண்டிய பொருள் பொதுவிற்குத் திரும்பியது, அவ்வளவே.

ஏலம் மட்டும் போதுமா?

உரிமங்கள் நீக்கப்பட்டபின், ஏலமே நீதி என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றிற்று. ஆனால் 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவரின் வினாவுக்கு விடையளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இயற்கைச் செல்வங்களுக்கும் ஏலம் ஒன்றே வழி என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. பொதுநலமே அளவுகோல் என்று தெளிவுபடுத்தியது.

இதன் உண்மை விரைவிலேயே விளங்கிற்று. 2016 அக்டோபர் ஏலத்தில், தொலைதூரம் செல்லக்கூடிய 700 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையை விலை மிகுதியால் எவரும் கேட்கவில்லை. கருவூலத்திற்கும் பயனில்லை, மக்களுக்கும் பயனில்லை. நாம் முன்பு கூறிய இரண்டாம் தீங்கு இதுதான். 2022 ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய் கிடைத்தது. இப்பெருந்தொகை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மிகுதியான பணம் உடையவரே அலையைப் பெறுவர் என்றால், பணமில்லாதோரின் குரல் எந்த அலையில் ஏறும்?

இதற்குச் சிறியதோர் விடையாக வந்தது சமுதாய வானொலி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் இத்தகைய நிலையம் தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் வாசல் திறக்கப்பட்டது. பாம்பனில் மீனவர்க்கென 2016-இல் தொடங்கிய கடல் ஓசை, காற்றையும் அலையையும் மீன்வளத்தையும் பற்றி அவர்தம் பேச்சு வழக்கிலேயே பேசியது. ஏலமின்றியே இத்தகைய நிலையங்களுக்கு அலை தரப்படுகிறது. ஆயினும் இவை தாமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப இசைவு இல்லை. அரசு வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம். தனியார் பண்பலைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அச்சகம் வைத்திருப்பவர் ஊர்ச் செய்தியை அச்சிடலாம். அலை பெற்றவர் அதனைச் சொல்லலாகாது என்பது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு எங்ஙனம் பொருந்தும் என்று நாம் அறியோம்.

எஞ்சி நிற்கும் கடன்

1885, 1933-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் வைப்பதற்கென 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசு மக்களின் சார்பில் அலைக்கற்றையின் உரிமையாளர் என்று அச்சட்டம் கூறுகிறது. பழைய சட்டத்தில் இல்லாத ‘மக்களின் சார்பில்’ என்னும் சொற்கள் இடம்பெற்றது முன்னேற்றமே. ஆனால் ‘உரிமையாளர்’ என்னும் சொல்லும் உடன் நிற்கிறது. அமானிதம் பெற்றவர் தம்மை உரிமையாளர் என்று அழைத்துக்கொள்ளும்போது, உடையவர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தோன்றியது. அவ்வாண்டே பிரசார் பாரதியும் செயலுக்கு வந்தது. முன்னது பெரும்பாலும் கட்டணமும் வணிக நெறியும் பற்றியது. பின்னது அரசு வானொலியையும் தொலைக்காட்சியையும் மட்டும் நடத்துவது. எல்லாப் பிரிவினரும் இடம்பெற்று, ஒலிபரப்பு அலை முழுவதையும் அரசின் பிடியின்றிக் காக்கும் அமைப்பு என்று 1995-இல் கூறப்பட்டதே, அது இன்றளவும் பிறக்கவில்லை.

பொதுவுடைமை என்று பெயர் சூட்டுவதால் மட்டும் ஒரு பொருள் பொதுவாகிவிடாது. காப்பவருக்குக் கால எல்லை வேண்டும். அவர் கணக்குக் காட்டவேண்டும். வளைத்துவைத்து வீணாக்குவோரிடமிருந்து மீட்கும் துணிவு வேண்டும். விலை கொடுக்க இயலாதவர்க்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும். உத்திரமேரூர்க் கல்லும், மஃரிபின் உப்பும், சென்னைக் கடற்கரையில் நின்ற ஒலிபெருக்கியும் நமக்கு இவற்றையே கற்பிக்கின்றன. வானலை நம் பிள்ளைகளுக்கும் உரிய செல்வம். அதன் கணக்கைக் கேட்பது ஆட்சியைப் பகைப்பதாகாது, அமானிதத்தை நினைவூட்டுவதேயாகும்.